சின்னப் பஞ்ச் வளையுது, முறியுது, பின் அசையுதில்லை: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

தையல் மெசின், மணிக்கூடு, ஆமைப்பூட்டு, வோட்டர் பம்ப், வள்ளத்து எஞ்சின் என்று எதைத் திருத்த எடுத்தாலும் ஒரு மூலையில் இரண்டு பாகத்தைக் குறுக்கே பூட்டும் கம்பித்துண்டாகச் சின்னப் பின் ஒன்று இருக்கும். அதைத் தட்டி எடுக்கப் பஞ்ச் வேண்டும், அதாவது பின்னில் வைத்துச் சுத்தியலால் அடிக்கும் மெல்லிய எஃகுக் கம்பி. 3 மி.மீ., 4 மி.மீ. பஞ்ச் யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதிப் பக்கம் போனால் வாங்கலாம். 2 மி.மீ.க்குக் கீழே இறங்கினால்தான் தலையிடி. ஒன்றில் கடையில் இருக்காது, அல்லது இருப்பது இரண்டாம் அடியில் வளையும்.

இந்த அளவுப் பஞ்ச்களை வெளிநாட்டில் துப்பாக்கி திருத்துகிறவர்களுக்கென்றே செட்டாக விற்கிறார்கள். ரிவால்வருக்குள் இருக்கும் குறுக்குப் பின்கள் மிகச் சின்னவை, வெளியே கீறல் விழவும் கூடாது என்பதால் அந்த வேலைக்காரர்கள் பஞ்ச் விசயத்தில் மிகக் கவனமானவர்கள். அவர்களுடைய முறை தையல் மெசினுக்கும் அப்படியே பொருந்தும். கீழே வருவதில் பாதி அந்த முறைதான், மீதி எங்கள் ஊரில் கிடைக்கும் கம்பிக்கு ஏற்ற மாற்றம். இலங்கையில் துப்பாக்கி வைத்திருக்கவும் திருத்தவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே அந்தப் பொருள் உங்கள் மேசைக்கு வந்தால் இந்த வழிமுறை வேண்டாம், உரிமம் உள்ளவரிடம் அனுப்பிவிடுங்கள்.

உங்களுக்கு நடப்பது எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு தொடங்குங்கள். முறியும் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.

அறிகுறி 1: பின் துளியும் அசையுதில்லை

பஞ்ச்சைக் குறை சொல்ல முதல் பின்னைப் பாருங்கள். இந்த அறிகுறியில் பஞ்ச் பெரும்பாலும் குற்றமற்றது.

*எந்தப் பக்கத்தால் தட்டுகிறீர்கள்?*

டேப்பர் பின் ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெல்லிசு. மெட்ரிக் பின்னில் சரிவு 50க்கு 1, பழைய ஆங்கில அளவுப் பின்னில் 48க்கு 1. கண்ணால் பார்த்தால் நேர்ப் பின் போலவே தெரியும். தடித்த பக்கத்தில் தட்டத் தட்ட இன்னும் இறுகும். பழைய தையல் மெசின் சிலவற்றில் மேல் தண்டில் உள்ள கேம் (தண்டோடு சுற்றும் கோணல் சில்லு) இப்படியான பின்னால்தான் பூட்டப்பட்டிருக்கும். இரண்டு முனையையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வேர்னியரால் அளந்து பாருங்கள். வேர்னியர் இல்லையென்றால் ஒரே ட்றில் பிட்டின் காம்பை இரண்டு முனையிலும் வைத்து ஒப்பிடுங்கள். எப்போதும் மெல்லிய பக்கத்தால்தான் தட்ட வேண்டும்.

*அது பின்தானா?*

கறளும் பெயின்றும் மூடிய திருகாணித் தலை பின் போலவே இருக்கும். ஊசியால் சுரண்டுங்கள், வெட்டு ஒன்று தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு முனையும் தட்டி விரிக்கப்பட்டிருந்தால் அது பின் இல்லை, ரிவெட். ஒரு தலையை அரத்தால் ராவி எடுக்காமல் அது வராது. மறுபக்கம் ஓட்டையே இல்லையென்றால் தட்டி எடுக்கிற வகையே இல்லை.

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. பின் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஸ்மித் அண்ட் வெசன் கம்பனி 1982 வரை தன் ரிவால்வர்களின் குழலைச் சட்டத்தோடு ஒரு குறுக்குப் பின் போட்டுப் பூட்டியது. சட்டத்தோடு சட்டமாக மினுக்கியிருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் தப்பிவிடும். அதைக் கழற்றாமல் குழலைத் திருகினால் இரண்டும் பழுது. தையல் மெசின் தண்டு, பூட்டின் உடம்பு எல்லாவற்றிலும் இதே விசயம்தான். கழர வேண்டியது கழரவில்லையென்றால் முறுக்குவதை நிறுத்திவிட்டு, ரோச் லைற்றைச் சரிவாகப் பிடித்துச் சின்ன வட்டக்கோடு ஏதாவது தெரிகிறதா என்று தேடுங்கள்.

*அடியில் தாங்கல் இருக்கிறதா?*

பொருள் ஆடினால் அடி பின்னுக்குப் போகாது, ஆட்டத்துக்குத்தான் போகும். பின் விழவேண்டிய இடத்துக்கு நேர் கீழே ஓட்டை, அதைச் சுற்றி இறுக்கமான தாங்கல் வேண்டும். பெரிய நட் ஒன்றை அடியில் வைத்தால் போதும். கட்டை என்றால் பனை. ஆனால் வைரப் பக்கம் மேலே இருக்க வேண்டும், சோற்றிப் பக்கம் அடியை விழுங்கிவிடும். வைஸின் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) வாயில் பிடிப்பதென்றால் பித்தளைத் தகடோ தடித்த தோலோ இரண்டு பக்கமும் வையுங்கள்.

*கறளா?*

குருநகர், பாசையூர் போலக் கரையோர வீட்டு மெசின் என்றால் வேறு காரணம் தேடவே தேவையில்லை. உப்புக்காற்றும் மாரியும் சேர்ந்து பின்னையும் ஓட்டையையும் ஒன்றாக்கிவிடும். மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் சரிபாதி கலந்து, இரண்டு முனையிலும் துளி துளியாக விட்டு ஒரு இரவு வையுங்கள். அவசரம் என்றால் சூடு. பின் எஃகு, உடம்பு பித்தளை அல்லது அலுமினியம் என்றால் சூடு மிக நல்ல வேலை செய்யும், ஏனென்றால் உடம்பு பின்னைவிடக் கூட விரியும். சோல்டரிங் அயனை உடம்பில் வையுங்கள், பின்னில் வைக்காதீர்கள். எஃகுக்குள் எஃகு என்றால் சூட்டின் பலன் குறைவு, ஆனாலும் கறளின் பிடி தளரும். பக்கத்தில் பிளாஸ்ரிக்கோ நைலோன் பல்சில்லோ இருந்தால் சூட்டுக்குப் போகவே வேண்டாம்.

இனித் தட்டும் முறை. முதல் அடி மெல்லிய பஞ்ச்சால் அல்ல. கட்டையான, கூம்பான, முனை தட்டையான ஒன்றால், 200 கிராம் அளவுச் சுத்தியலால், ஒரே ஒரு நேர் அடி. பிடி விட அது போதும். பின் ஒரு மி.மீ. உள்ளே இறங்கிய பிறகுதான் மெல்லிய பஞ்ச்சுக்கு வேலை. நூறு சின்னத் தட்டுத் தட்டுவதால் பின்னின் முனை விரிந்து இன்னும் இறுகுவதைத் தவிர ஒன்றும் நடக்காது.

சத்தத்தைக் கேளுங்கள். இறுகிய பின்னில் அடி "கிண்" என்று திரும்பி வரும், சுத்தியல் கையில் துள்ளும். பின் அசைந்த அடியில் சத்தம் ஒரு பொட்டு மந்தமாகும், துள்ளல் இருக்காது. அந்த மாற்றம் கேட்டவுடன் கனச் சுத்தியலை வைத்துவிட்டு, தட்டார் வைத்திருப்பது போன்ற சின்னச் சுத்தியலை எடுங்கள்.

*எப்போது நிறுத்துவது?* எண்ணெய், சூடு, சரியான பக்கம், சரியான தாங்கல் எல்லாம் பார்த்தும் நாலைந்து நேர் அடியில் அசையவில்லையென்றால் லேத் (கடைசல்) பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அங்கே நேராகப் பிடித்துத் துளைத்து எடுத்து, ஒரு அளவு கூடின பின் போட்டுத் தருவார்கள். வார்ப்பிரும்பு உடம்பென்றால் இன்னும் கெதியாகக் கைவிடுங்கள். வார்ப்பிரும்பு வளையாது, பிளக்கும்.

அறிகுறி 2: பஞ்ச் வளைகிறது

*முதல் சந்தேகம் நீளம்.* எஃகைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். கம்பியின் வெளியே நீட்டிய நீளத்தைப் பாதியாக்கினால் வளையாமல் தாங்கும் பலம் நாலு மடங்கு கூடும். 1.5 மி.மீ. கம்பியை 2 மி.மீ. ஆக்கினால் ஏறத்தாழ மூன்று மடங்கு கூடும். ஓட்டைக்கு மேல் தடிக்க முடியாது, ஆனால் நீளத்தைக் குறைக்க எவரையும் கேட்கத் தேவையில்லை. கடையில் விற்கும் 1.5 மி.மீ. பஞ்ச்சின் மெல்லிய பகுதி பெரும்பாலும் தேவைக்கு மேல் நீளம். எல்லா வேலைக்கும் உதவட்டும் என்று செய்திருக்கிறார்கள், அதனால் ஒரு வேலைக்கும் உதவுவதில்லை.

ஆகவே ஒரே அளவில் மூன்று நீளம் வைத்திருங்கள்: வெளியே 5 மி.மீ. நீட்டியது, 12 மி.மீ. நீட்டியது, கடைசி தள்ளலுக்கு மட்டும் 25 மி.மீ. பின் இறங்க இறங்க ஒன்றை வைத்து அடுத்ததை எடுங்கள். மூன்றாவதுக்கு வரும்போது பின் தளர்ந்திருக்கும், கையால் தள்ளினாலே போகும்.

*இரண்டாவது, அளவு.* பஞ்ச் பின்னைவிட ஒரு பொட்டுத்தான் சின்னதாக இருக்க வேண்டும். 1.6 மி.மீ. பின்னுக்கு 1.5 சரி, 1.2 பிழை. 1.2 நடுவில் நிற்காமல் ஒரு ஓரத்துக்குச் சாயும். சாய்ந்தால் வளையும்.

*மூன்றாவது, முனை சதுரமாக இல்லை.* முனை சரிந்திருந்தால் அடி நேராக இறங்காது. ஒரு துண்டுப் பித்தளைப் பட்டையில் கம்பிக்கு அளவான ஓட்டை போடுங்கள். கம்பியை அதற்குள் விட்டு முனை மயிரிழை அளவு வெளியே நிற்கும்படி வைத்து, பட்டையோடு சமமாகும்வரை அரத்தால் ராவுங்கள். கண் அளவில் ராவுவதைவிட இது நிச்சயம்.

*நாலாவது, சூடு கண்ட கம்பி.* சுருள்வில் கம்பியைக் கிரைண்டரில் வெட்டும்போது முனை நீலமாகியிருந்தால் அந்தப் பகுதியின் விறைப்புக் குறைந்துவிட்டது. நீலம் ஓடிய இடம் முழுவதையும் வெட்டி எறியுங்கள். வெட்டும்போது நிமிசத்துக்கு ஒருக்கா என்றில்லை, ஒவ்வொரு தொடுதலுக்கும் தண்ணீரில் நனையுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வளைந்தால் கம்பி பிழை. அடுத்த தலைப்பு அதற்குத்தான்.

அறிகுறி 3: தேவையான அளவில் பஞ்ச் கிடைக்கவே இல்லை

கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம், ஒன்லைனில் ஓடர் பண்ணலாம். வேலை இன்றைக்கு முடிய வேண்டுமென்றால் வீட்டில் கிடப்பதைப் பாருங்கள். குறைந்த செலவிலிருந்து போகிறேன்.

சைக்கிள் கம்பி. வழக்கமாக 2 மி.மீ. எண்பதுகளின் கடைசி, தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கம்பி ஆகாத வேலை இல்லை. தள்ளுகிற வேலைக்கு நல்லது, அடிக்கிற வேலைக்கு மெது. துருப்பிடிக்காத வகையைச் சூடாக்கித் தோய்ச்சல் போட்டாலும் (சூட்டோடு எண்ணெயில் இறக்கினாலும்) கடினமாகாது, வீண் வேலை.

தையல் ஊசிக் காம்பு. வீட்டு மெசின் ஊசியின் காம்பு 2 மி.மீ., ஒரு பக்கம் தட்டை. தையற்கடைகளில் ஓடும் ஒற்றை ஊசி வேக மெசினின் மெல்லிய காம்பு ஊசி 1.6 மி.மீ., முழு வட்டம். முறிந்த ஊசி எந்தத் தையற்கடையிலும் சும்மா தருவார்கள். ஏற்கெனவே கடினமாக்கிய எஃகு. மெல்லிய பகுதியை முறித்துக் காம்பை மட்டும் எடுங்கள். கட்டையாக இருக்கும், அதுதான் அதன் பெருமை. மேலே சொன்ன 5 மி.மீ. நீட்டலுக்கு இதைவிட நல்ல பொருள் ஊரில் இல்லை என்பது என் எண்ணம்.

கொங்கிறீட் ஆணி. 2.5 மி.மீ.க்கு மேல் வேண்டுமென்றால் இது. நல்ல விறைப்பு. முனையைத் தட்டையாகத் தீட்டி, நெருப்புக் காட்டாமல் பாவியுங்கள்.

ட்றில் பிட் காம்பு. முறிந்த பிட்டை எறியாதீர்கள், 0.8 மி.மீ.லிருந்து எல்லா அளவும் கிடைக்கும். ஆனால் காம்பை ஒருக்கா அரத்தால் உரசிப் பாருங்கள். அரம் வழுக்கினால் கடினம், கடித்தால் மெது. கடினமான ஹை ஸ்பீட் ஸ்டீல் வளையாது, கண்ணாடி போல முறியும். ஆகவே மிகக் கட்டையாகத்தான் பாவிக்க வேண்டும்.

சுருள்வில் கம்பி. பழைய சுருளை நேராக்கி எடுப்பதைவிட நேர்க் கம்பியாக வாங்குவது நல்லது. வளைந்ததை நேராக்கினாலும் ஒரு சின்னக் கோணல் மிஞ்சும். கண்ணாடியில் உருட்டிப் பார்த்தால் தெரியும்.

சில்வர் ஸ்டீல் கம்பி. பெயரில்தான் வெள்ளி, உண்மையில் கருவி செய்யும் எஃகு. இதுதான் முறையான பொருள். மென்மையாக வரும், ராவலாம், கடையலாம், பிறகு தோய்ச்சல் போடலாம். செலவு கூட, ஊரில் எப்போதும் கிடைக்காது.

*பிடி செய்வது.* மெல்லிய கம்பியை அப்படியே கையில் பிடித்து அடிக்கக் கூடாது. 6 மி.மீ. போல்ட் ஒன்றின் முனையில் நடுவாக ஓட்டை போட்டு, கம்பியை 10 மி.மீ. அளவு உள்ளே விட்டு ஒட்டுங்கள் அல்லது ஈயம் பற்றுங்கள். லேத் இல்லாமல் நடுவாகத் துளைக்க ஒரு வழி: போல்ட்டை ட்றில் மெசினின் வாயில் பூட்டுங்கள், ட்றில் பிட்டை வைஸில் நிமிர்த்திப் பிடியுங்கள். சுற்றுவது போல்ட்டாக இருந்தால் பிட் தானாகவே நடுவைப் பிடிக்கும். ஈயம் பற்றும்போது கம்பி அவ்வளவு சூடாகாது, விறைப்பு போகாது. வெல்டிங் வேண்டாம். வெல்டிங் பட்ட கம்பி அந்த இடத்தில்தான் முறியும்.

அறிகுறி 4: பஞ்ச் முறிகிறது

வளைவதும் முறிவதும் எதிரெதிர் நோய். வளைந்தால் மெது, முறிந்தால் விறைப்புக் கூட. ஆனால் இங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது அடிதான். சுத்தியல் சரிந்து விழுந்தால் எந்த நல்ல பஞ்ச்சும் முறியும். பஞ்ச்சை இரண்டு விரலால் பிடித்து, சின்ன விரலைப் பொருளில் ஊன்றுங்கள். பார்வை முனையில் இருக்கட்டும், தலையில் வேண்டாம்.

முறிந்த இடத்தைப் பாருங்கள். பிடியின் விளிம்பில் முறிந்ததா? அங்கே கூரான மூலை இருக்கிறது, வட்ட அரத்தால் சிறு வளைவு கொடுங்கள். நடுவில் முறிந்து, முறிவு சாம்பல் நிறப் பொடி போலத் தெரிகிறதா? விறைப்பை இறக்காத எஃகு.

சில்வர் ஸ்டீலுக்கு மட்டும், பதம் போடும் முறை இது. ஹை ஸ்பீட் ஸ்டீலுக்கும் துருப்பிடிக்காத கம்பிக்கும் இது பொருந்தாது.

நிழலான இடத்தில் வேலை செய்யுங்கள், வெயிலில் நிறம் தெரியாது. கம்பி செந்நிறமாகும்வரை சூடாக்கி, காந்தத்தைத் தொட்டுப் பாருங்கள். காந்தம் பிடிக்காத கட்டம் வந்ததும் இன்னும் ஒரு மூச்சு நேரம் வைத்து எண்ணெயில் நேராக நிறுத்தி இறக்குங்கள். தேங்காய் எண்ணெயே போதும். மெல்லிய கம்பிக்குத் தண்ணீர் வேண்டாம், வெடிக்கும். எண்ணெய் ரின் சுவாலையோடு ஒட்டி இருக்க வேண்டும், ஏனென்றால் 1.5 மி.மீ. கம்பி காற்றில் ஒரு செக்கனிலேயே ஆறிவிடும். பக்கத்தில் மூடி ஒன்றும் இருக்கட்டும், எண்ணெய் பற்றினால் மூடிவிட.

இப்போது கம்பி மிக விறைப்பு, கீழே விழுந்தாலும் முறியலாம். மெல்லிய மண் கடதாசியால் பளபளப்பாக்கி, தகர ரின்னில் உலர்ந்த மணல் போட்டு அடுப்பில் வைத்து, மணலில் கம்பியைப் படுக்க வையுங்கள். நிறம் மெதுவாக ஓடும்: முதலில் வைக்கோல் மஞ்சள், ஏறத்தாழ 230 பாகை செல்சியஸ். பிறகு கபிலம், 255. பிறகு ஊதா, 275. பிறகு நீலம், 300 அளவில். தடித்த பஞ்ச்சுக்கு ஊதாவில் எடுக்கலாம். 2 மி.மீ.க்குக் கீழே என்றால் நான் நீலம் தொடங்கும்வரை விடுவேன். முனை கொஞ்சம் கெதியாகத் தேயும், தேய்ந்தால் ராவலாம், முறிந்தால் ஓட்டைக்குள் இருக்கும். வீட்டு அவண் 200 பாகையில் வைத்தால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. மெல்லிய பஞ்ச்சுக்கு அது போதாது, மஞ்சளைக்கூட முழுதாக எட்டாது.

நேரடிச் சுவாலையில் நிறம் பார்ப்பதற்குப் பழக்கம் வேண்டும். மெல்லிய கம்பியில் மஞ்சளிலிருந்து நீலத்துக்குக் கண் இமைக்க முன் ஓடிவிடும். இரண்டு தரம் செய்தும் பதம் வரவில்லையென்றால் கன்னாதிட்டிப் பக்கம் ஒரு தட்டாரிடம் கொண்டுபோங்கள். சின்னச் சுவாலையும் சின்னக் கம்பியும் அவர்களுக்கு அன்றாட வேலை. "அண்ணை, முனை ஊதாவில நிக்க வேணும், தலை மெதுவா இருக்க வேணும்" என்று சொன்னால் விளங்கும்.

அறிகுறி 5: பஞ்ச்சின் முனை விரிந்து ஓட்டைக்குள் இறுகுகிறது

கம்பி மெது, அல்லது பின்னைவிட ஒரு மயிர் தடிப்பு. வெளியே எடுக்கப் பிடித்து ஆட்டாதீர்கள், ஆட்டினால் முறியும். குறட்டால் பிடித்து ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இழுங்கள். வந்த பிறகு முனையின் விளிம்பை மிகச் சிறிதாகச் சரித்துவிடுங்கள், கை நகத்தால் உணரும் அளவு போதும். திரும்பவும் விரிந்தால் கம்பியை மாற்றுங்கள். சைக்கிள் கம்பி பாவித்தவர்களுக்கு இந்தத் தலைப்பு அடிக்கடி தேவைப்படும்.

மேல் பக்கம், சுத்தியல் படும் தலை காளான் போல விரிவது வேறு விசயம். அது இயல்பு, தலை மெதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் விரிந்த ஓரத்தை அப்போதைக்கப்போது கிரைண்டரில் எடுத்துவிடுங்கள். அந்த ஓரம் தெறித்துத்தான் கண்ணில் படும்.

அறிகுறி 6: ரோல் பின் நசிகிறது, வாய் மூடுகிறது

இரண்டு சில்லு உழவு மெசின், வோட்டர் பம்ப், வள்ளத்து எஞ்சின் எல்லாவற்றிலும் இந்தச் சுருட்டிய பின் இருக்கும். நடுவில் ஓட்டை, ஒரு பக்கம் பிளவு. தட்டை முனைப் பஞ்ச்சால் தட்டினால் வாய் உள்ளே மடியும், அல்லது பஞ்ச் ஒரு பக்கம் வழுக்கி ஓட்டையைக் கீறும்.

இதற்கு முனை நடுவில் ஒரு குமிழ் உள்ள பஞ்ச் வேண்டும். குமிழ் பின்னின் ஓட்டைக்குள் இருக்கும், தோள் பின்னின் விளிம்பைத் தள்ளும். கம்பியை ட்றில் மெசினில் பூட்டிச் சுற்றவிட்டு, சின்ன அரத்தின் விளிம்பால் தோளை வெட்டினால் பத்து நிமிச வேலை. குமிழ் கட்டையாக இருக்கட்டும். நீட்டினால் பின்னின் உட்சுவரில் முட்டி, தோள் பின்னையே தொடாது. அந்த நேரம் முழு அடியையும் குமிழ்தான் வாங்கும்.

ஏற்கெனவே வாய் மூடிவிட்டதா? மறுபக்கத்தால் தட்டுங்கள், ரோல் பின்னுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். எடுத்த பின்னைத் திரும்பப் போடாதீர்கள், புதியது மலிவு. கடல்நீர் பட்ட எஞ்சினில் அலுமினிய உடம்பும் எஃகுப் பின்னும் ஒன்றையொன்று தின்று வெள்ளைப் பொடியாகி இறுகியிருந்தால், முதலாம் அறிகுறியில் சொன்ன சூடு. அதற்கும் வரவில்லையென்றால் எஞ்சின் திருத்துகிறவரிடம் விடுங்கள். அலுமினியத்தில் ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டால் திரும்ப வராது.

அறிகுறி 7: பஞ்ச் வழுக்கிப் பொருளில் கீறல் விழுகிறது

பின்னைச் சுற்றி மறைப்பு நாடா இரண்டு மடிப்பு ஒட்டி, பின் இருக்கும் இடத்தில் மட்டும் ஓட்டை வெட்டுங்கள். இன்னும் நல்லது, ஓட்டை போட்ட பித்தளைத் துண்டு ஒன்றை வழிகாட்டியாக மேலே வைத்து, அதற்குள்ளால் பஞ்ச்சை விடுவது. கம்பிக்கும் அது தாங்கலாகும், வளைவதும் குறையும். பின்னின் முனை உருண்டையாக இருந்தால் பஞ்ச் முனையில் அதற்கேற்ற சின்னக் குழி வையுங்கள். தட்டை முனை உருண்டையில் நிற்காது, எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் வழுக்கும். பித்தளைப் பின்னுக்குப் பித்தளைப் பஞ்ச்.

பழைய தையல் மெசினின் பொன்நிறக் கோலத்தில் நாடாவே ஒட்டாதீர்கள், பிய்த்தால் கோலமும் வரும். தோல் துண்டு வையுங்கள்.

அறிகுறி 8: பஞ்ச் முறிந்து துண்டு உள்ளே நிற்கிறது

மறுபக்கம் ஓட்டை திறந்திருந்தால் அதிஷ்டம். அந்தப் பக்கத்தால் ஒரு அளவு சின்ன, கட்டையான கம்பியால் திரும்பி வந்த வழியே தள்ளுங்கள். எண்ணெய் விட்டு, பொருளைக் கவிழ்த்து, சுத்தியல் பிடியால் உடம்பைத் தட்டினாலே சில வேளை விழும்.

பின் கீழே, துண்டு மேலே என்று இரண்டும் நின்றால் மேலிருந்து அடிக்க வேண்டாம். துண்டின் முறிந்த முனை சரிவாக இருக்கும், அடித்தால் ஆப்பு மாதிரி ஓட்டைச் சுவரில் ஏறும். டேப்பர் பின் இல்லையென்றால் அடியிலிருந்து இரண்டையும் சேர்த்து மேலே தள்ளப் பாருங்கள். டேப்பர் பின் என்றால் அதுவும் முடியாது, அந்தத் திசையில் பின் இறுகும்.

அந்த நிலையில் லேத் பட்டறைதான். போகும்போது உள்ளே நிற்பது என்ன எஃகு என்று கட்டாயம் சொல்லுங்கள். சில்வர் ஸ்டீல் அல்லது ஊசிக் காம்பு என்றால், உடம்பு சூடு தாங்குமானால், செந்நிறமாக்கி மெதுவாக ஆறவிட்டு மென்மையாக்கித் துளைக்கலாம். ஹை ஸ்பீட் ஸ்டீல் அப்படி இளகாது, சாதாரண பிட் அதில் ஏறாமல் வழுக்கிப் பக்கச் சுவரைத் தின்றுவிடும், கார்பைட் பிட் வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் அவர்கள் சாதாரண பிட்டோடுதான் தொடங்குவார்கள். முறிந்த மற்றத் துண்டையும் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள், அரத்தால் ஒருக்கா உரசிப் பார்த்து அவர்களே முடிவெடுக்கட்டும்.